நன்மரண சபைத் தலைவி சாக மறுக்கிறார்

— மொதல்ல அந்தக் குழிய மூடச் சொல்லு தம்பி. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

— வந்ததும் வராததுமா குழியப் பத்தியே பேசணுமாக்கா? சித்த உக்கார விடு. மூச்சு வாங்குது.

— நாலு படி ஏறுனதுக்கா?

— வெயிலுதான்க்கா. சமயநல்லூர்ச் சித்திரை வெயிலு உனக்குத் தெரியாததா. நீ எப்படி இருக்க?

— செத்துப் பொழைச்சவ எப்படி இருப்பாளோ அப்படி இருக்கேன். ஞாயித்துக்கிழமை பூசையில மயங்கி விழுந்தேன். பக்கத்துத் தெரு டாக்டரு நாடியப் பாத்துட்டுக் கைய விரிச்சாரு. சாமியாரு வந்து எண்ணெ பூசிட்டுப் போனாரு. கல்லறைத் தோட்டத்துல குழியும் தயாரா இருந்துச்சு. அவங்கவங்க வேலைய எல்லாரும் சுத்தமா முடிச்சிட்டீங்க. நான் ஒருத்திதான் என் வேலையச் செய்யல.

— ஏன்க்கா இப்படிக் குத்துற. டாக்டரே முடிஞ்சு போச்சுன்னாரு. கூடப் பொறந்தவன் வேற என்ன செய்வான்? குழிக்கு ஆளு சொல்லத்தான் செய்வான்.

— சொன்ன, சரி. ஆறு நாளாத் தொறந்து கெடக்கே, அதக் கேக்குறேன்.

— வெட்டின குழிய வெறுமனே மூடக்கூடாதுங்குறாரு உபதேசியாரு. மூடினா அந்த வீட்டுல ஒரு உசுரக் கேக்குமாம். நான் சொல்லலக்கா, நாலு பேரு சொல்றாங்க.

— ஒரு வாழைத்தண்டப் போட்டு மூடுவாங்க. அதுவும் நாலு பேரு சொல்றதுதான். அது மட்டும் உன் காதுல விழலையா?

— விழுந்துச்சு, விழுந்துச்சு. அதுக்கு இப்ப என்ன அவசரம்? நான் வந்தது வேற விஷயம்.

— தெரியும். சட்டைப் பையில துருத்திக்கிட்டு நிக்கிற கவரு. சபைக் கடுதாசி. குடு, நானே வாசிக்கிறேன். "நன்மரண சபைத் தலைவி செல்வி ஆனிமேரி அவர்களுக்கு, சபை உறுப்பினர் பதினொருவரும் எழுதிக்கொள்வது. எழுபத்திரண்டு வயதில், இருதயத்தில் வால்வு மாற்றிக்கொள்ளத் தாங்கள் முடிவு செய்திருப்பது, நல்ல மரணத்துக்காக ஜெபிக்கும் நம் சபைக்கு இடறலாக இருப்பதால்..." இடறல். நல்ல வார்த்தை. யாரு எழுதுனது?

— எல்லாரும் சேந்துதான்.

— எல்லாரும் சேந்தா வரி இம்புட்டு நேரா வராது. பசுமலைப் பள்ளிக்கூட ஆபீசுல முப்பத்திநாலு வருஷம் கடுதாசி வாங்கிக் குறிச்சவ நான். இது ஹெப்சிபா எழுத்து. நேத்துக் காலையில அவ எனக்குப் போன் போட்டா. என்ன கேட்டா தெரியுமா? "வலிக்குமா மேரி? எத்தன நாள்ல எந்திரிச்சு நடக்கலாம்? நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லிறாத." மத்தியானம் உக்காந்து இத எழுதியிருக்கா.

— அவ கெடக்கா. நீ விஷயத்துக்கு வா. திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில சேரப் போறியா இல்லையா?

— போறேன்.

— ரத்த சொந்தம் ஒருத்தரு கையெழுத்து வேணும்னு சொன்னாங்கல்ல? உனக்கு இருக்குறது நான் ஒருத்தன். நான் போடப் போறதில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்.

— சொல்லிட்ட. குறிச்சுக்கிட்டேன். தண்ணி குடி, உதடு வெளுத்துப் போயிருக்கு.

— மேரிக்கா, இந்தா கேப்பக்கூழு. உப்பு ஒரு கல்லு கூடப் போடல, டாக்டரு சொன்ன மாதிரியே. அட, அண்ணே வந்திருக்காகளா. என்னண்ணே, குழி எப்படி இருக்கு, சௌக்கியமா?

— வா ஜெயக்கொடி. பக்கத்து வீட்டுக்காரி நீயும் ஆரம்பிச்சிட்டியா.

— நான் எங்கண்ணே ஆரம்பிச்சேன். அன்னைக்கு உங்காளுக எல்லாரும் செபமாலையக் கையில எடுத்தீக. கோயிலுக்குப் பூ குடுக்க வந்த நான் மேரிக்கா கால் கட்டைவெரலப் பாத்தேன். அசைஞ்சுச்சு. மல்லியப்பூ மூட்டைய எறக்கிப் போட்டுட்டு அந்த வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். டிரைவர் மருது, "பூ வாடிரும் சித்தி"ங்குறான். வாடட்டும்டா, நாளைக்கும் பூக்கும்னேன்.

— அதுக்காக இவ உனக்குக் கடமைப்பட்டவதான். ஆனா இது எங்க சபை விவகாரம்.

— இருக்கட்டும் தம்பி. அவளுக்கும் தெரியட்டும். ஜெயக்கொடி, புதன்கிழமை இந்த வீட்டுல சபைக் கூட்டம் நடந்துச்சு. பதினோரு பேரு வந்தாங்க. இவன்தான் செயலாளரு. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஒரு ஆபரேஷன் செஞ்சா இன்னும் பத்து வருஷம் இருக்கலாம்னா, உங்கள்ல யாரு செஞ்சுக்குவீங்க? கை தூக்குங்க."

— எத்தன கை?

— ஒண்ணும் இல்ல. "தேவ சித்தம்"னு ஒரு குரலு. "வாழ்ந்த வரைக்கும் போதும்"னு ஒரு குரலு. இவனும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். சரின்னு ஆளுக்கொரு துண்டுத் தாளு குடுத்தேன். பேரு எழுதாதீங்க, வேணும் வேணாம்னு மட்டும் எழுதி இந்த பிஸ்கட் டப்பாவுல போடுங்கன்னேன்.

— ஆத்தி, எலெக்சன் மாதிரியா?

— எலெக்சனேதான். பிரிச்சுப் பாத்தா, பதினொண்ணுல ஒம்பது "வேணும்". ஒண்ணு "வேணாம்". இன்னும் ஒண்ணுல, "வேணும், ஆனா எப்படிக் கேக்குறதுன்னு தெரியல"ன்னு எழுதியிருந்துச்சு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன. எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு எந்திரிச்சுப் போனாங்க. போயி, இந்தக் கடுதாசியில பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க.

— அக்கா, அந்தக் கடைசிச் சீட்டு... அது யாரு எழுத்துன்னு பாத்தியா?

— ஏன் கேக்குற?

— சும்மாதான். நீதான் எழுத்தப் பாத்தா ஆளச் சொல்லிருவியே.

— ரகசிய ஓட்டு தம்பி. பாத்திருந்தாலும் சொல்ல மாட்டேன்.

— சீட்டுல ஆயிரம் எழுதலாம். நாளைக்குப் பூசைக்குப் போனா மூஞ்சியக் காட்டணும்ல? உன் காதுக்கு வராதது என் காதுக்கு வருதுக்கா. கல்யாணம் கட்டல, புள்ள குட்டி இல்ல, எழுபத்திரண்டு வயசு ஆச்சு, இன்னும் பத்து வருஷம் இருந்து யாருக்காகன்னு கேக்குறாங்க. நான் கேக்கல, நாலு பேரு கேக்குறாங்க.

— எனக்காக.

— என்னது?

— எனக்காகன்னு சொல்லு அந்த நாலு பேருகிட்ட. வாரம் ஒருக்கா காலையில பஸ் ஏறி சிம்மக்கல்லுல எறங்குவேன். மூட்டை எறக்குறவங்களுக்கு வழி விட்டு விட்டு, மொத்தக் கடைத் தெரு பூரா நடப்பேன். வெத்தலைக் கட்டு, வெல்லம், புளி, எல்லா வாசனையும் வரும். ஒண்ணும் வாங்க மாட்டேன். மூலையில நின்னு ஒரு காப்பி குடிச்சிட்டுத் திரும்பி வருவேன். எனக்கு அது புடிக்கும். அதுக்கு ஒரு வால்வு வேணும்னா, ஒரு வால்வு வச்சுக்கிறேன்.

— காப்பிக்காகவா நெஞ்ச அறுத்துக்குவாங்க?

— வேற எதுக்குன்னு சொன்னா ஒத்துக்குவ? புள்ள பெத்தவ கேட்டா, "பேரன் வரைக்கும் பாத்துட்டியே, இன்னும் என்ன"ங்குறீங்க. புள்ள இல்லாதவ கேட்டா, "யாருக்காக"ங்குறீங்க. எந்தக் கதவத் தட்டுனாலும் உள்ள இருந்து வர்ற பதிலு ஒண்ணுதான், போயிட்டு வா.

— அப்படிக் கேளுங்க மேரிக்கா. உப்பில்லாக் கூழக் குடிச்சிட்டே இம்புட்டு ரோசம் வருதே. உப்புப் போட்டிருந்தா அண்ணே தாங்கியிருக்க மாட்டாக.

— நீ சும்மா இரு ஜெயக்கொடி. அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. எல்லாரும் போற வழியில போனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

— போன வருஷம் நீ ரெண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் செஞ்சுக்கிட்டியே, அப்ப யாரும் ஏதும் சொன்னாங்களா?

— அது கண்புரை. எல்லாரும் செய்யிறாங்க. கேம்ப்புக்கு பஸ்ஸே விடுறாங்க.

— அதான் தம்பி. எல்லாரும் செஞ்சா அதுக்குப் பேரு வைத்தியம். ஒருத்தி செஞ்சா அதுக்குப் பேரு பேராசை. நெஞ்சுக்கும் ஒரு கேம்ப்பு போட்டு பஸ் விட்டா, நீங்க பதினோரு பேரும் ஜன்னலோர சீட்டுக்குத் துண்டு போடுவீங்க.

— சபைக்குத் தலைவியா இருந்துக்கிட்டு நீயே இப்படிப் பேசலாமா? இருவது வருஷமா இந்த ஊர்ல சாகக் கெடந்தவங்க கட்டிலுக்கெல்லாம் போயி நீ என்ன சொன்ன? நெனச்சுப் பாரு.

— அதத்தான் ஆறு நாளா நெனைக்கிறேன். ஆன்றோவ ஞாபகம் இருக்கா உனக்கு?

— மெக்கானிக் ஆன்றோவா? கிட்னி போயி...

— அம்பத்தொம்பது வயசு. டயாலிசிஸ் செஞ்சா ஓட்டலாம்னாங்க. அவன் பொண்டாட்டி என்னையக் கேட்டா, என்ன செய்யட்டும்னு. நான் சபைத் தலைவி இல்லையா? "ஆண்டவரு ஒரு கையப் புடிச்சுக் கூப்புடும்போது நாம இன்னொரு கையப் புடிச்சு இழுக்கக் கூடாது"ன்னேன். அறையில இருந்த எல்லாரும் ஆமென் சொன்னாங்க. ஆன்றோவும் சொன்னான். எல்லாரும் சொல்றாங்களேன்னு சொன்னான். அவன் கண்ணு சொல்லல. அது என்னையே பாத்துச்சு. நீ ஒருத்தியாவது என்கிட்டக் கேளேன்ற மாதிரி. நான் கேக்கல. குனிஞ்சு செபமாலைய உருட்டுனேன்.

— விடுக்கா. பழைய கதை.

— எனக்கு ஞாயித்துக்கிழமைதான் அது புதுசாச்சு. பூசையில விழுந்தேன்ல, பேச்சு மூச்சு இல்ல, ஆனா காது கேட்டுச்சு. என் தலைமாட்டுல நின்னு ஒருத்தி சொல்றா, "குடுத்து வச்சவ, கோயில்லயே போயிட்டா." சுத்தி நின்ன அம்புட்டுப் பேரும் ஆமென். நான் உள்ள கெடந்து கத்துறேன், இல்ல, வேணும், எனக்கு இன்னும் வேணும்னு. வாயி வரல. காலு வெரல்தான் வந்துச்சு.

— அதத்தான்கா நான் பாத்தேன்.

— நீ எங்க சபையில இல்ல, அதான் பாத்த. அப்பா மட்டும் என்னவாம் தம்பி? அவரும் நெஞ்சுல கோளாறு வந்துதான் போனாரு. நல்ல சாவுன்னு ஊரே சொல்லுச்சு. படுக்க முடியாம நாற்காலியிலயே உக்காந்து மூச்சுக்குத் தவிச்சத நீயும் நானுந்தான் பாத்தோம். நல்ல சாவான்னு நம்மள யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்போம்.

— அப்பா பேச்ச எடுக்காத.

— சரி, எடுக்கல. உன் மருமக ஷெரின் வந்திருந்தா நேத்து. மாமா ஒரு மாசமா நாற்காலியிலதான் தூங்குறாருன்னா.

— கட்டிலுக்கு ஃபேன் காத்து எட்டல. அதுக்கொரு கதையக் கட்டுனாளாக்கும். சரிக்கா, அந்த ஆபரேஷன்... நெஞ்ச முழுசா அறுப்பாங்களா?

— அறுக்க வேணாமாம். தொடை நரம்பு வழியா ஒரு குழாய விட்டு வச்சிருவாங்களாம். மூணா நாளு நடக்கச் சொல்லுவாங்க.

— எல்லாருக்கும் அப்படித்தானா? இல்ல, பொம்பளைகளுக்கு மட்டுமா?

— வால்வுக்கு ஆம்பள பொம்பள ஏதுண்ணே? எங்க மோட்டாருக்கு வாசரு மாத்துற மாதிரி. நீங்க ஏன் இம்புட்டு நுணுக்கமாக் கேக்குறீக?

— ஒரு அறிவுக்குக் கேட்டேன், அம்புட்டுத்தான்.

— அறிவுக்குன்னா நானும் ஒண்ணு கேக்குறேன். கல்லறைத் தோட்டத்த ஒட்டித்தான எங்க பூக்காடு இருக்கு? அது சுக்காந்தரை. இந்தக் கோடையில கடப்பாரை எறங்காது, பொறி பறக்கும். ஒரு செடிக்குக் குழி போட எனக்கு ஒரு காலைப் பொழுது போயிரும். மேரிக்கா விழுந்தது ஒம்பது மணி. பதினொண்ணுக்கெல்லாம் நம்ம நல்லகாமன் ஒத்தை ஆளா நின்னு ஆளு மட்டத்துக்கு வெட்டி முடிச்சிட்டானாமே. அந்தக் கடப்பாரைய எனக்கு எரவலா வாங்கித் தாங்கண்ணே.

— தொணைக்கு ஆளு விட்டேன். ரெண்டு பேரு.

— யாருண்ணே அந்த ரெண்டு பேரு?

— இப்ப எதுக்கு அந்த விசாரணை? வெட்டினாங்க, முடிஞ்சுது.

— நீளமும் கூடுதலுண்ணே. நான் எட்டிப் பாத்தேன். ஆறே கால் அடி இருக்கும். மேரிக்கா நிமிந்து நின்னாலே அஞ்சடி தேறாது.

— பெட்டியோட எறக்கணும்ல. உனக்கு எங்க பழக்கம் தெரியாது.

— தெரியாதுண்ணே. எங்க கூட்டத்துல உசுரு போன பெறகுதான் மம்பட்டிய எடுப்போம்.

— போதும் ஜெயக்கொடி. அவன் மூஞ்சி வேர்த்துருச்சு பாரு. தம்பி, நீ கையெழுத்துப் போட வேணாம். நான் திங்கக்கிழமை இவளக் கூட்டிக்கிட்டுப் போறேன். தங்கச்சின்னு சொல்லிக்கிறேன்.

— சொல்லுங்க. ஜாதகமா கேக்கப் போறாக. கேட்டா, அண்ணன் செயலாளரு, கூட்டத்துல இருக்காருன்னு சொல்லிருவோம்.

— அப்படியெல்லாம் போக வேணாம்.

— பின்ன?

— நான் இருக்கும்போது ஊரா வீட்டுப் பொம்பள கையெழுத்துப் போட்டா எனக்கு அது அசிங்கமில்லையா?

— நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னா?

— இல்லக்கா. இந்த ஒரு தடவை நாலு பேரு இல்ல. நான்தான். அன்னைக்கு நீ கெடந்தப்ப நானும் ஆமென் சொன்னேன். சத்தமாச் சொன்னேன். ஆறு நாளா அது தொண்டையிலயே நிக்குது.

— எனக்குக் கேட்டுச்சு.

— கேட்டுச்சா?

— உன் கொரலு எனக்குத் தெரியாதா. அந்த ஆமெனுக்கு நடுவுல மூச்சு அறுந்துச்சு. அதையும் கேட்டேன்.

— சபையில இருந்து உன்னைய நீக்கிருவாங்கக்கா. எனக்கும் செயலாளரு பதவி போகும்.

— போகட்டும். அந்தப் பதினோரு பேருல ஒம்பது பேரு, நான் திரும்பி வந்து நடக்குறதப் பாத்துட்டு என் வீட்டுக் கொல்லப்பக்கமா வருவாங்க. நம்பர் கேட்டு. குடுப்பேன். முன்வாசல் வழியா வாங்கடின்னு சொல்லிட்டுத்தான் குடுப்பேன்.

— சரி, அந்தத் தாளக் குடு. எங்க போடணும்?

— ஜெயக்கொடி, மேசை மேல பச்சை ஃபைலு இருக்கு, அத எடுத்துக் குடு. கண்ணாடியப் போட்டுக்க தம்பி. வாசிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாத, நான் சம்மதிக்க மாட்டேன்.

— அண்ணே, இந்தக் கோட்டு மேல போடுங்க. மெதுவா.

— தெரியுது. போட்டாச்சு. "நோயாளி ஆனிமேரி, உறவு தமக்கை." போதுமா?

— அடியில இன்னொண்ணு இருக்கு. அதுலயும் போடு.

— இது எதுக்கு? வெறும் ஓ.பி. சீட்டு மாதிரில்ல இருக்கு. வியாழக்கிழமை, காலை பத்து மணி, அதே டாக்டரு. அக்கா, இதுல நோயாளி பேருன்னு போட்டு ஆரோக்கியநாதன், வயசு அறுபத்தாறுன்னு எழுதியிருக்க. அவசரத்துல என் பேரத் தப்பா எழுதிட்ட.

— முப்பத்திநாலு வருஷத்துல நான் ஒரு பேரத் தப்பா எழுதுனதில்ல தம்பி. நான் விழுந்தது ஞாயித்துக்கிழமை. நல்லகாமன் உன் உசரத்துக்கு அந்தக் குழிய வெட்டி முடிச்சது அதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி, வெள்ளிக்கிழமை.